எப்படி ஆச்சு

தம்பி செத்த கதையில், சோடா வாங்கி வந்தது யார் என்கிற இடத்துக்கு அஞ்சலை வந்துவிட்டாள்.

"நெஞ்ச அடைக்குது பாப்பா, போயி ஒரு சோடா வாங்கினு வான்னு சொல்லிகீறான் எந்தம்பி. இதுவும் ஓடிப்போயி வாங்கினு வந்து குடுத்துகீது. குடுத்துட்டு சும்மா குந்திகினு இருந்துகீது. காலேஜி படிக்கிற பொண்ணு. நெஞ்சு வலிக்கு யாராவது சோடா குடுப்பாங்களா, நீயே சொல்லு?"

கேட்டுக்கொண்டிருந்த திருநின்றவூர்ப் பெண்கள் இருவரும் "அடக் கடவுளே" என்றார்கள். சொல்லி வைத்தாற்போல் இருவரும் திரும்பித் தேவிப்பிரியாவைப் பார்த்தார்கள். ஃப்ரீசர் பெட்டியின் கால்மாட்டில், சுவரை ஒட்டி, முழங்காலைக் கட்டிக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். நேற்றுப் போட்டிருந்த அதே சுடிதார். நேற்றிலிருந்து ஒரு வாய் தண்ணீர் உள்ளே போகவில்லை. அழவும் இல்லை.

அவள் அம்மா வடிவு பெட்டியின் கண்ணாடியை முந்தானையால் துடைத்தாள். துடைத்துக் கையை எடுப்பதற்குள் மறுபடி வியர்த்து நடேசனின் முகத்தை மறைத்தது. விட்டால் முகமே இல்லாமல் போய்விடும் என்பதுபோல் அவள் விடியற்காலையிலிருந்து துடைத்துக்கொண்டே இருந்தாள். குட்டி யானை வண்டி வைத்து, அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவில் யார் வீடு மாற்றினாலும் பீரோ, கட்டில் ஏற்றிக்கொண்டு போன மனுஷன். ஐம்பது வயதில், தாடைக்கு வேட்டித் துணியால் கட்டுப் போட்டுக்கொண்டு, பல்வலிக்காரன்போல் படுத்திருந்தான்.

சாவு வீட்டுக்கு வருகிறவர்களுக்கென்று ஒரு முறை இருக்கிறது. தெருமுனையிலேயே குரலெடுத்து அழுதுகொண்டு வர வேண்டும். வாசலில் நிற்கிற பெண்களைக் கட்டிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்து அழ வேண்டும். பிறகு மூக்கைச் சிந்தித் துடைத்துக்கொண்டு, குரலைத் தணித்து, "எப்படி ஆச்சு?" என்று கேட்க வேண்டும். கேட்காமல் போனால் அக்கறை இல்லாதவர்கள் என்று பேர் வந்துவிடும். கேட்டவருக்கு வீட்டார் முதலிலிருந்து சொல்ல வேண்டும். கேட்டவர் சும்மா போவாரா? "அப்பவே இப்படிச் செஞ்சிருந்தா" என்று தன் பங்குக்கு ஒன்றை வைத்துவிட்டுத்தான் டீ குடிக்கப் போவார்.

காலையில் முதலில் வந்தவர்களுக்கு வடிவுதான் சொன்னாள். தொண்டை கட்டிப்போனதும் நாத்தனார் அஞ்சலை அந்த வேலையை எடுத்துக்கொண்டாள். அவளிடம் போனதும் கதைக்குக் கை கால் முளைத்தது. ஒரு மடக்குச் சோடா முழு பாட்டிலானது. பக்கத்தில் இருந்த பெண், பக்கத்தில் உட்கார்ந்து போன் நோண்டிய பெண்ணானாள். பத்து மணிக்கு வந்தவர்களுக்குப் போனில் ஒரு பையனும் சேர்ந்துகொண்டான்.

நடந்தது இவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை. அம்பத்தூர் எஸ்டேட்டில் வடிவு வேலை பார்க்கிற ஏற்றுமதி கார்மெண்ட்ஸ் கம்பெனியில் ஓவர்டைம். பதினோரு மணிவாக்கில் நடேசனுக்கு நெஞ்சை அடைத்தது. கேஸ்தான், சோடா குடித்தால் சரியாகிவிடும் என்றான். பெண் வாங்கி வந்தாள். சரியாகவில்லை. ஆட்டோ கூப்பிடவா என்று பெண் கேட்டாள். அம்மா வரட்டும் என்றான். அம்மாவின் போன் கம்பெனி லாக்கரில் இருந்தது, வேலை நேரத்தில் போனைக் கையில் வைத்திருக்க விடமாட்டார்கள். பெண் திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்தாள். அவனுக்கு வேர்த்துக்கொட்டி வாய் குழறியபோது எதிர்வீட்டு இருதயராஜைக் கூவி அழைத்தாள். அவர் தூக்கி ஆட்டோவில் போட்டார். வழியிலேயே போய்விட்டது.

இருதயராஜ் கம்பெனி வாட்ச்மேனிடம் சொல்லி அனுப்பியதும் வடிவு அடித்துப்பிடித்து ஓடி வந்தபோது, ஆஸ்பத்திரி வராந்தாவில் பெண் அப்பாவின் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். வடிவு அவளைக் கட்டிக்கொள்ளவில்லை. எட்டி நின்று, "ஏன்டி ஒடனே கூட்டினு வரல?" என்றுதான் கத்தினாள். அந்த வராந்தாவில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த ஒரு கேள்விதான் இப்போது பல வாயில் புகுந்து புறப்பட்டு வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் தன் குரலே திரும்பி வருவதுபோல் வடிவுக்கு இருந்தது.

பதினோரு மணிக்கு மாடியில் குடியிருக்கும் கிருஷ்ணப்பிரியா ஃப்ளாஸ்கில் பால் கொண்டுவந்தாள். ஈரோட்டுப் பக்கத்துப் பெண், வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் ஆபீஸ் வேலை பார்ப்பவள். தேவிப்பிரியா முன்னால் டம்ளரை நீட்டிப் பார்த்தாள். அந்தப் பெண் டம்ளரைப் பார்த்ததாகவே தெரியவில்லை. கிருஷ்ணப்பிரியா வடிவின் காதருகே குனிந்தாள்.

"அக்கா, தேவி ஏதோ ஒண்ணையே நெனச்சுட்டு இருக்காங்க. ஒரு எண்ணம் வந்தா அதைப் பிடிச்சுக்கக் கூடாதுங்க்கா. மேகம் போற மாதிரி பாத்துட்டு விட்றணும். எங்க ஆபீஸ்ல இதுக்குன்னே கிளாஸ் எடுத்தாங்க."

நல்ல பெண். வேறு நாளாயிருந்தால் வடிவு சிரித்திருப்பாள்.

"மேகம்னா தானா போயிடும்மா. இங்க ஆளாளுக்கு ஒண்ணு கொண்டாந்து எம்பொண்ணு தலமேல இல்ல வெச்சிட்டுப் போறாங்க?"

"அப்ப அவங்களை நிறுத்தச் சொல்லுங்க்கா."

"சாவு ஊட்ல வாய மூடுன்னு யாரச் சொல்றது?" என்றாள் வடிவு.

கிருஷ்ணப்பிரியா பாலை மூடி வைத்துவிட்டு மேலே போனாள். வடிவு மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. சத்தம் இல்லை. ஏதோ ஒன்றைச் சொல்லி முடிக்கும், நிற்கும், மறுபடி முதலிலிருந்து தொடங்கும். என்ன சொல்கிறாள் என்று வடிவுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. நெஞ்சடைப்பு, சோடா, ஆட்டோ, அம்மா வரட்டும், போன். எங்கே பிசகியது என்று தேடுகிறாள்.

தேடுவதுதான் வடிவின் பிழைப்பே. கம்பெனியில் அவள் செக்கர். தைத்து வருகிற சட்டையை வெளிச்சத்தில் விரித்து, தையல் விட்ட இடம், நூல் நீட்டிய இடம், கறை பட்ட இடம் பார்த்து, அம்புக்குறி போட்ட குட்டி சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டித் தள்ள வேண்டும். இரவு கண்ணை மூடினாலும் சட்டை வந்துகொண்டிருக்கும். காலையிலிருந்து இந்த வீட்டுக்குள் வந்த ஒவ்வொருவரும் தன் பெண்ணின் மேல் ஒரு சிவப்பு அம்பை ஒட்டிவிட்டுப் போகிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. முதல் அம்பை ஒட்டியவள் தானே என்றும் தோன்றியது. இப்படியே போனால் இந்தப் பெண் நாற்பது வயதிலும், அறுபது வயதிலும், தன் பிள்ளைக்குச் சோறு ஊட்டும்போதும், அந்த ஞாயிற்றுக்கிழமையை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்துக்கொண்டே இருப்பாள். நடேசன் போயாயிற்று. இனி அவனுக்கு ஆவது ஒன்றும் இல்லை. மிச்சம் இருப்பது இவள்தான்.

ஒரு மணிக்குமேல் கூட்டம் நெரிந்தது. வெளியே ஷாமியானாவில் நாற்காலி போதவில்லை. எடுக்கிற நேரம் நெருங்குகிறதென்று தெரிந்ததும் அஞ்சலை தலைமுடியை அவிழ்த்துவிட்டு நெஞ்சில் அடித்துக்கொண்டு ஒப்பாரி எடுத்தாள். அந்த வட்டாரத்தில் அவள் ஒப்பாரிக்கு ஒரு பேர் உண்டு. அறையில் நிறைந்திருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார்கள்.

"வாயக் கட்டி வவுத்தக் கட்டி வளத்தியே ராசா - நீ
வாடக வண்டி ஓட்டி வளத்தியே ராசா
மூச்சு வாங்கி நிக்கையில சோடா குடுத்தாளே - ஒன்ன
மூணு தெரு தாண்டிக் கூட்டிப் போவலியே ராசா"

ஒப்பாரியில் யாரையும் எதையும் சொல்லலாம். கட்டிக்கொடுத்தவன், காசு தராதவன், எட்டிப் பார்க்காதவன் எல்லாரையும் இழுத்து வைத்து அழலாம். அதற்குப் பதில் பேசுகிற வழக்கம் கிடையாது. அஞ்சலையும் தம்பியை வளர்த்த வேதனையில்தான் பாடினாள், அதில் பொய் இல்லை. கண்ணீர் கழுத்து வரைக்கும் ஓடியது.

சோடா என்ற சொல் வந்ததும் தேவிப்பிரியா மெல்லத் தலையாட்டினாள். ஆமாம், ஆமாம் என்பதுபோல.

வடிவு எழுந்தாள்.

"அண்ணி, நிறுத்து."

அஞ்சலைக்குக் காதில் விழவில்லை. விழுந்திருந்தாலும் தன்னைச் சொல்வதாக அவள் நினைத்திருக்கமாட்டாள். அடுத்த அடியை எடுக்க மூச்சை இழுத்தாள். வடிவு பெட்டியைச் சுற்றிக்கொண்டு போய், நெஞ்சில் அடித்துக்கொண்டிருந்த அந்த இரண்டு கையையும் பிடித்தாள்.

"நிறுத்துன்னு சொன்னேன்."

ஃப்ரீசர் மோட்டார் மட்டும் ஓடியது.

"அயுவணும்னா அயு அண்ணி. ஒந்தம்பி, ஒனக்கு உரிம கீது. எம்பொண்ண இதுல இழுக்காத."

அஞ்சலைக்கு முகம் சிவந்தது. "இல்லாததயா சொல்லிட்டேன்? ஏன்டி ஒடனே கூட்டினு வரலன்னு ஆஸ்பத்திரில நீயே கேக்கல? அவ்ளோ பேரும் பாத்துகினு இல்ல இருந்தாங்க?"

இது வரும் என்று வடிவுக்குத் தெரியும்.

"கேட்டேன். மொதல்ல கேட்டது நாந்தான். நா கேட்டது தப்பு. எல்லாரு எதிர்லயும் சொல்றேன், தப்பு." மகள் பக்கம் திரும்பினாள். குரல் உடைந்தது, உடைந்தாலும் தணியவில்லை. "தேவி, இன்னா கேக்குதா? அம்மா கேட்டத அம்மா திருப்பி எடுத்துகினேன். அது ஒன்னுது இல்ல. குடுத்துடு."

தேவிப்பிரியா நிமிர்ந்து பார்த்தாள். நேற்றிலிருந்து இப்போதுதான் ஒரு முகத்தைப் பார்க்கிறாள்.

"இனிமே இந்த ஊட்ல எப்டி ஆச்சுன்னு யாரும் கேக்கக் கூடாது" என்றாள் வடிவு, எல்லாருக்குமாக. "செத்துட்டாரு. அவ்ளோதான் ஆச்சு. மொகத்தப் பாருங்க, மால போடுங்க, வாய் உட்டு அயுங்க, வெளிய டீ கீது. எங்க பிசகு, யாரு மேல பிசகுன்னு தேடறவங்க அப்டியே கெளம்பிடுங்க. எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்ல."

"எதையோ மறைக்கிறா இவ" என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள்.

"ஆமா, மறைக்கிறேன். இன்னா இப்போ?"

திருநின்றவூர்ப் பெண்கள் இருவரும் எழுந்து வெளியே போனார்கள். இன்னும் சிலர் போனார்கள். அஞ்சலை பிடிபட்ட கையை உதறிக்கொண்டாள்.

"பொணம் கெடக்க சொல்லோ சண்ட இய்க்குறியே, நீயெல்லாம் ஒரு பொம்பளயா? எடுத்து முடியட்டும், இந்த வாசப்படி மிதிக்கமாட்டேன்."

"மிதி, மிதிக்காத, அது ஒன் இஷ்டம் அண்ணி" என்றாள் வடிவு. சொல்லிவிட்டு மகளின் பக்கத்தில், பெட்டிக்கும் அவளுக்கும் நடுவில், தொப்பென்று உட்கார்ந்தாள். இப்படி நாலு பேர் முன்னால் அவள் பேசியதே இல்லை. நடேசன் இருந்திருந்தால் ஆடிப்போயிருப்பான், அப்புறம் வண்டி ஸ்டாண்டில் போய்ப் பெருமையடித்திருப்பான். அதை நினைத்ததும்தான் அவளுக்கு முதல்முறையாக அழுகை பீறிக்கொண்டு வந்தது. மகளின் தோளில் முகத்தை வைத்து அழுதாள்.

ஜன்னலுக்கு வெளியே புதிதாக வந்த ஒருவர், "எப்படிங்க ஆச்சு?" என்று இருதயராஜிடம் கேட்பது கேட்டது. நடேசனைத் தன் கையால் தூக்கிப்போனவர், ஆட்டோவில் மடியில் வைத்திருந்தவர்.

"எனக்குத் தெரியாதுங்க" என்றார் இருதயராஜ்.

மூன்று மணிக்கு எடுத்தார்கள். கொழுந்தன் கோதண்டம் கொள்ளிச்சட்டியோடு முன்னால் நடந்தான். பெண்கள் தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பினார்கள். அஞ்சலை பாடாமல், வெறுமனே வாய்விட்டு அழுதுகொண்டு வந்தாள். வீட்டைக் கழுவிவிட்டார்கள். வடிவு மகளைக் கையைப் பிடித்துப் பின்பக்கம் கூட்டிப்போய், தண்ணீர்த் தொட்டி அருகே உட்காரவைத்து, தலையோடு ஊற்றினாள். பத்தொன்பது வயதுப் பெண், குழந்தை மாதிரி குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா."

"சொல்லு."

"நீ எல்லாரையும் நிறுத்திட்ட. ஆனா நெஜமாவே நா ஒடனே கூட்டினு போயிருந்தா அப்பா பொயச்சிருப்பாரா?"

இல்லை, பிழைத்திருக்கமாட்டார் என்று சொல்லிவிடலாம். வாய் வரைக்கும் வந்தது. வடிவு சொம்பைக் கீழே வைத்தாள்.

"தெரியாதுடி."

தேவிப்பிரியா தலை நிமிர்ந்தாள்.

"பொயச்சாலும் பொயச்சிருப்பாரு. போயிருந்தாலும் போயிருப்பாரு. எனக்குத் தெரியாது, ஒனக்குத் தெரியாது, அந்த டாக்டருக்கும் தெரியாது. நா போன லாக்கர்ல வெக்காம இருந்திருந்தா? ஓவர்டைமே போவாம இருந்திருந்தா? அந்த மனுசன் அடம் புடிக்காம இருந்திருந்தா? எனக்கும்தான் ஓடுது, நிக்காம ஓடுது. தெரியாத ஒண்ண எத்தினி நாளு தூக்கினு திரியறது?"

"எனக்கு நிக்கவே மாட்டேங்குதும்மா."

"நிக்காது. எங்க டேபிளுக்கு சட்ட வந்துகினேதான் இருக்கும். ஒரே சட்டய கையில வெச்சிகினு உத்து உத்துப் பாத்தா இல்லாத ஓட்டகூட தெரியும். அப்ப சூப்பர்வைசரு பின்னாடி வந்து நிப்பான். பாத்தாச்சில்ல, உடுன்னுவான். அவ்ளோதான். அது வந்துச்சின்னா, பாத்தாச்சுன்னு சொல்லு. தள்ளி உடு."

"திரும்ப வந்தா?"

"திரும்பச் சொல்லு."

"எத்தினி தடவம்மா?"

"அது ஓயிற வரைக்கும். நீ ஓயாத."

அப்போதுதான் அந்தப் பெண் அழுதாள். சத்தமாக, அசிங்கமாக, மூக்கு ஒழுக, அப்பா அப்பா என்று. வடிவு நிறுத்தச் சொல்லவில்லை. சொம்பை எடுத்து அழுகையின் மேலேயே தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

இருதயராஜ் வீட்டிலிருந்து ரசமும் சாதமும் வந்தது. தேவிப்பிரியா நாலு கவளம் சாப்பிட்டாள். ரசம் காரம் என்றாள். சுடுகாட்டிலிருந்து ஆண்கள் திரும்பி, குளித்துவிட்டு ஷாமியானாவில் கிடந்தார்கள். நடேசனைக் கிடத்தியிருந்த இடத்தில் அகல் ஒன்று எரிந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் சுவரில் சாய்ந்து வடிவு காலை நீட்டி உட்கார, மகள் அந்தக் காலின் மேல் தலையை வைத்துப் படுத்தாள். படுத்தவள் உறங்கிப்போனாள். உதடு அசையவில்லை.

வெளியே வெளிச்சம் குறைந்து, தெருவிளக்கு வந்தது. வாசப்படி மிதிக்கமாட்டேன் என்ற அஞ்சலை சமையலறையிலிருந்து வந்தாள். வந்தவள் சுவிட்சில் கை வைத்தாள்.

"வெளக்கு வெக்கிற நேரத்துல இன்னா தூக்கம்? எயுப்பு அத. சாவு ஊட்ட இருட்டா வெக்கக் கூடாது."

"லைட்டப் போடாத அண்ணி."

"ஊரு இன்னா சொல்லும்?"

"இன்னா வோணா சொல்லட்டும். நேத்துலேந்து இப்பதான் கண்ண மூடிகீது."

அஞ்சலை சுவிட்சில் வைத்த கையோடு நின்றாள். தரையில் கிடந்த பெண்ணைப் பார்த்தாள். ஈரம் காயாத தலைமுடி அவள் முகத்தில் விழுந்து, மூச்சு விடும்போதெல்லாம் லேசாக அசைந்தது. தம்பியும் சின்ன வயதில் இப்படித்தான் வாயைத் திறந்துகொண்டு தூங்குவான். அஞ்சலை கையை எடுத்துக்கொண்டு, எதிர்ச் சுவரோரம் போய், முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள்.

வடிவின் கால் மரத்துப்போயிருந்தது. அவள் அசைக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து வாசலில் டார்ச் வெளிச்சம் ஆடியது. இருதயராஜ் ஒரு கையில் டெஸ்டரோடு படியேறி வந்தார். மாடியில் கிருஷ்ணப்பிரியா வீட்டு விளக்கு எரிந்தது, பக்கத்து வீடுகளிலும் எரிந்தது.

"இன்னாம்மா, கீய மட்டும் கரண்டு இல்ல? ஃபியூஸ் போயிடுச்சா, பாக்கவா?"

வடிவு வாயைத் திறப்பதற்குள் எதிர்ச் சுவரிலிருந்து அஞ்சலையின் குரல் வந்தது.

"ஆமா, போயிடுச்சு. காலைல பாத்துக்கலாம். கத்தாதீங்க."

டார்ச் வெளிச்சம் தரையில் நகர்ந்து, தூங்குகிற பெண்ணின் பாதத்தில் பட்டு நின்றது. இருதயராஜ் டார்ச்சை அணைத்தார். டெஸ்டரைச் சட்டைப் பையில் செருகினார். இருட்டில் கையால் தடவி, வாசலில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைச் சத்தமில்லாமல் இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.